விளைகள் வீடுகளான வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், நெய்யாற்றைக் கடந்ததும் ஊர்ப் பெயர்களைக் கவனித்து வருவோர்க்கு ஒன்று புலனாகும். அமரவிளை, இஞ்சிவிளை, எல்லையைத் தாண்டிக் களியக்காவிளை என 'விளை' என்று முடியும் பெயர்கள் இங்கு மிகுதி. உதியன்குளங்கரை போலக் குளத்தால் பெயர் பெற்றவை சில. உச்சக்கடை, பிலாமூட்டுக்கடை போல வழிப்போக்கர்க்குக் கடை வைத்த இடம் ஊரானவை வேறு சில. விளை என்பது மேட்டு நிலம். தென்னை, பலா, பனை, மரச்சீனி ஆகியவை நிற்கும் புரையிடம். அதனடியில் தாழ்ந்து கிடக்கும் நெல்வயற் பரப்புக்கு ஏலா என்று பெயர். மேட்டில் விளையும் வீடும், பள்ளத்தில் ஏலாவும், இடையே ஓர் ஓடையுமாக அமைந்ததே தென் திருவிதாங்கூரின் பழைய நில ஒழுங்கு. இன்று அச்சாலையில் செல்வோர் கண்ணுக்கு விளை தெரிவதில்லை, வீடுதான் தெரிகிறது. வீட்டை அடுத்து வீடு, வீட்டின் முன்புறம் கடை, கடைக்குப் பின்னால் மற்றொரு வீடு. எங்கே ஓர் ஊர் முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகை பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட இவ்வூர்களுள் ஒன்று செங்கல். தமிழில் செங்கல் என்றால் மண்ணைப் பிசைந்து அச்சிலிட்டுச் சூளையில் சுட்டெடுப்பது. மலையாளத்திலோ அச்சொல் பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் சிவந்த செம்புரைக் கல்லையும் குறிக்கும். ஊருக்குப் பெயர் வந்த வரலாறு எதுவாயினும் ஆகுக. இரு மொழியிலும் வீடு கட்டும் பொருளையே சுட்டும் ஒரு பெயரைத் தாங்கிய ஊர், தன் விளைகளையும் வயல்களையும் வீடுகளாக மாற்றிக்கொண்ட கதையைச் சொல்வது பொருத்தமே. செங்கலுக்கென்று தனியாக அன்றி, அச்சாலையின் இருபுறத்து ஊர்கள் அனைத்திற்கும் பொதுவான வரலாறாகவே இதனைக் கூறப்புகுகிறோம்.

ஒரு கிராமம் நகரமாவது எங்ஙனம் என்று கேட்டால், நம்மில் பலர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மாம்பலம். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலத்து நெடிய ஏரி தூர்க்கப்பட்டு, மனைகள் அளந்து பிரிக்கப்பட்டு, நடுவே பூங்கா அமைத்து, நீதிக்கட்சிப் பெரியோர் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டித் தியாகராயநகர் எழுந்தது. தில்லியில் வாழும் நம்மவர்க்கு இன்னோர் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபின் ரைசினா, மால்ச்சா முதலிய ஊர்களின் நிலம் அரசால் கையகப்படுத்தப்பட்டது. விடுதலைக்குப் பின்னர் முனிர்க்கா, முகம்மதுபூர் ஆகிய ஊர்களின் வயல்களில் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புகள் எழுந்தன. அங்கே அடுக்கு வீட்டில் குடியிருந்து மலை மந்திர் முருகனைத் தொழுத தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. அவ்வீடுகளின் அடியில் யாருடைய கோதுமை வயல் கிடந்தது என்று எண்ணிப் பார்த்தோர் அவருள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இவ்விரு இடங்களிலும் நகரம் கிராமத்தைத் தேடி வந்தது. வரைபடம் வந்தது, நில எடுப்பு ஆணை வந்தது, இழப்பீடு வந்தது, அதன்பின் சாலையும் சாக்கடையும் குழாயும் வந்தன. கொடுமையும் ஒழுங்கும் கலந்த ஒரு முறை அது. கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு, ஒரு காரியம் நடந்ததென்றால் அதற்கோர் ஆணை எண்ணும் நாளும் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. நெய்யாற்றின்கரை வட்டத்து ஊர்கள் நகர்ப்புறமானதற்கு அத்தகைய ஆணை எதுவும் கிடையாது. எந்த அதிகாரியும் வந்து வயலை அளந்து எடுத்துக்கொள்ளவில்லை. ஊரார் தாமே, தத்தம் நிலத்தில், தத்தம் பணத்தில், ஒவ்வொரு வீடாகக் கட்டிக் கிராமத்தை நகரமாக்கினர். அப்பணத்தில் பெரும்பங்கு ஊரை விட்டுப் போனவர்கள் அனுப்பியது. இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கும் இதிற் பங்குண்டு என்பதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

சாலையிலிருந்தே தொடங்குவோம். திருவிதாங்கூரின் தலைநகர் முன்பு பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. பழைய தலைநகரையும் புதிய தலைநகரையும் இணைத்த வழியில் நடுவே அமைந்தது நெய்யாற்றின்கரை. மார்த்தாண்டவர்மா பகைவர்க்கு ஒளிந்து பலாமரப் பொந்தில் உயிர் பிழைத்தார் என்று சொல்லப்படும் அம்மச்சிப்பிலா அவ்வூர்க் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் உள்ளது. இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இச்சாலை வழியே திருவனந்தபுரம் எழுந்தருளுகின்றனர். குழித்துறையில் ஓரிரவும் நெய்யாற்றின்கரையில் ஓரிரவும் தங்கிச் செல்லும் அவ்வூர்வலத்தைக் களியக்காவிளை எல்லையில் ஒரு மாநிலத்துக் காவலர் வழியனுப்ப, மற்றொரு மாநிலத்துக் காவலர் வரவேற்கின்றனர். தெய்வங்களுக்கு எல்லை இல்லை என்பர். ஆயினும் அணிவகுப்பு மரியாதை இரண்டு தரப்பிலும் நடந்தாக வேண்டும்.

இச்சாலையில் பாலராமபுரம் உண்டு. பாலராமவர்மா மன்னர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்கள் அழைத்து வரப்பட்டுத் தறிகளோடு குடியமர்த்தப்பட்ட ஊர் அது. திட்டமிட்டுத் தெரு வகுத்துக் குடியேற்றிய ஊர் என்று இவ்வட்டாரத்தில் சொல்லத்தக்கது அது ஒன்றே எனலாம். ஏனைய ஊர்களில் தெருவே இல்லை. தமிழகத்துச் சிற்றூரில் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசித் தெருவாக நிற்கும்; வயல் ஊருக்கு வெளியே இருக்கும். இங்கோ ஒவ்வொரு வீடும் தன் விளையின் நடுவே, தன் கிணற்றோடும் தன் வேலியோடும் தனித்து நின்றது. ஊர் என்பது பரவிக் கிடந்த வீடுகளின் தொகுதியாக இருந்தது. பின்னால் நிகழ்ந்தவை யாவும் இவ்வமைப்பிலிருந்து விளைந்தவை என்பதால் இதனை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். தெருவும் வயலும் தனித்தனியாக இருந்த ஊரில், புதுவீடு கட்ட ஊரின் ஓரத்துக்குப் போக வேண்டும். வீடும் தோட்டமும் ஒன்றாகக் கிடந்த ஊரில், புதுவீட்டுக்கு இடம் பழைய வீட்டின் முற்றத்திலேயே கிடைத்துவிடும்.

நிலமும் இங்கு வெகுகாலத்துக்கு முன்பே சிறு கைகளுக்கு வந்துவிட்டது. 1865-இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பண்டாரப்பாட்ட விளம்பரம், அரசு நிலத்தைப் பயிரிட்டு வந்த குடிகளுக்கு அந்நிலத்தில் முழு உரிமை வழங்கியது. விற்கவும் அடகு வைக்கவும் வழி பிறந்தது. 1925-இல் நாயர் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தை ஆள்வீதம் பிரித்துக்கொள்ள இடமளித்தது. மருமக்கள் வழியில் வந்த பெருந்தறவாடுகள் பங்காகிச் சிதறின. பனையேறியும் கருப்பட்டி காய்ச்சியும் பிழைத்த குடும்பங்கள் அக்காசில் துண்டு நிலம் வாங்கின. விசாகம் திருநாள் மன்னர் 1880-களில் ஊக்குவித்த மரச்சீனி, சிறு விளையிலும் ஒரு குடும்பம் பசியாற வழி செய்தது. ஆகவே, விடுதலை வந்தபோதே இங்கு நிலம் துண்டுபட்டிருந்தது. ஆனால் துண்டுகளில் மரங்கள் நின்றன.

சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த நாளில் திருவனந்தபுரம் கன்னியாகுமரிச் சாலைக்குச் சிமெண்டுக் கான்கிரீட் தளம் இடப்பட்டது. அந்நாளில் அது ஊர் பேசிய செய்தி. 1938-இல் திருவிதாங்கூர் அரசு தானே பேருந்து நடத்தத் தொடங்கியது. ஆனால் சாலையும் பேருந்தும் வந்ததால் மட்டும் கிராமம் மாறிவிடவில்லை. ஓலை வேய்ந்த வீட்டிலிருந்து புறப்பட்டவர் மாலையில் ஓலை வேய்ந்த வீட்டுக்கே திரும்பினார்.

1956 நவம்பர் 1 இவ்வூர்களின் முகத்தைத் திருப்பிவிட்டது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. முடிவில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் அரசியல் நியாயங்களை ஆராய்வது நம் நோக்கமன்று. குடியிருப்பு வரலாற்றுக்கு வேண்டிய செய்தி ஒன்றே: அதுவரை இரண்டு பெருஞ்சந்தைகளுக்கு நடுவே இருந்த ஊர்கள், ஒரே இரவில் ஒரு மாநிலத்தின் கடைக்கோடி ஆயின. தெற்கே தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் போய்வந்த கால்கள் வடக்கே திரும்பின. அரசு வேலை, மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம், தலைமைச் செயலகம் அனைத்தும் திருவனந்தபுரத்தில். ஒரு மாநிலத்தின் எல்லை ஊர் என்பது ஒதுக்குப்புறமாகக் கிடப்பதே வழக்கம். இம்மாநிலத்தின் தலைநகரோ அதன் தென்கோடியில் அமைந்துவிட்டது. அதனால் கடைக்கோடி ஊர்களே தலைநகரின் புறவாயிலும் ஆயின. இந்த முரண் இல்லையேல் செங்கலும் பாறசாலையும் இன்னும் அரை நூற்றாண்டு அமைதியாகக் கிடந்திருக்கும் என்பது நம் கருத்து.

அடுத்து வந்தது நிலச் சீர்திருத்தம். 1963-ஆம் ஆண்டுச் சட்டம் 1969-இல் திருத்தப்பட்டு, 1970 சனவரி 1 முதல் முழு வலிமையுடன் நடைமுறைக்கு வந்தது. குத்தகைதாரர் உரிமையாளர் ஆயினர். பிறர் விளையில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்க்கு அக்குடிசை நின்ற இடம் உரிமையாயிற்று. எவ்வளவு இடம்? மாநகரில் 3 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட். தலைமுறை தலைமுறையாக 'இறங்கு' என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தவர் தம் மண்ணில் நிமிர்ந்து நின்ற நாள் அது. 1972-இல் அச்சுத மேனன் அமைச்சரவையில் எம். என். கோவிந்தன் நாயர் தொடங்கிய இலட்சம் வீடு திட்டம், நிலமற்றோர்க்கும் கூரை தந்தது. இவற்றின் பெருமையைக் குறைத்துப் பேசுவோர் அக்காலத்துக் குடிசையில் ஒரு மழைக்காலம் கழித்திராதவரே.

ஆயினும் அந்தப் 10 சென்ட் அப்படியே நிற்கவில்லை. தந்தைக்குக் கிடைத்த பத்து, மக்கள் இருவருக்கு ஐந்தைந்தாயிற்று. மகளுக்குச் சீதனமாக மூன்று போயிற்று. பெரிய விளை வைத்திருந்தவரும் பிள்ளைகள் படிப்புக்கும் திருமணத்துக்கும் சாலையோரத்தை ஐந்து ஐந்து சென்டாக விற்றார். சட்டம் மாநகரத்துக்கென வகுத்த 3 சென்ட் அளவுக்குக் கிராமம் தானாகவே வந்து சேர்ந்தது. நில அளவையில் நகரம் முதலில் வந்தது. மற்றவை பின்னர் வந்தன என்று சொன்னால் பிழையாகாது.

வீடு கட்டப் பணம் வேண்டும். அது 1973-க்குப் பின் வந்தது. பெட்ரோலிய விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் ஆள் தேடின. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் நடத்திய முதல் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருந்த கேரளத்தாரை 13.6 லட்சம் என மதிப்பிட்டது. 2014-ஆம் ஆண்டு ஆய்வில் அது ஏறத்தாழ 24 லட்சமாயிற்று. வளைகுடாவுக்குப் போனோர் கதையைப் பலர் எழுதிவிட்டனர். மத்திய அரசுப் பணி, இரயில்வே, படைத்துறை, தணிக்கை அலுவலகம் எனப் பம்பாய்க்கும் தில்லிக்கும் போனவர் அனுப்பிய சிறு தொகையைப் பற்றி எழுதினார் குறைவு. அவர் அனுப்பியது மாதம் ஐம்பதோ நூறோ. அதில் வீட்டுச் சுவர் ஓராண்டும், ஓடு மறு ஆண்டும், சன்னல் கதவு அதற்கடுத்த விடுமுறையிலுமாக ஏறின. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறைப் பயணச் சலுகையில் ஊருக்கு வந்து, பூசாத சுவரைத் தடவிப் பார்த்துத் திரும்பியவர் நம்முள் பலர் இருப்பர்.

போனவர் பணம் ஒருபுறம் இருக்க, போகாதவர்க்கு வழி செய்தது இரயில். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரையிலான அகலப் பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை என நிலையங்கள் அமைந்தன. மாதச் சீட்டு எடுத்துக்கொண்டு காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்பும் அலுவலர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. நகரத்தில் வாடகைக்கு இருந்து வாழ வேண்டியதில்லை. ஊரில் வீடு, நகரில் வேலை. மும்பையிலும் சென்னையிலும் புறநகர் இரயில் நகரத்தை வெளியே கொண்டு சென்றது. இங்கோ ஊர்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. இரயில் அவற்றை நகரத்தோடு தைத்தது. தனுவச்சபுரத்தில் வேலுத்தம்பி நினைவுக் கல்லூரியும் தொழிற்பயிற்சி நிலையமும் இருந்தமையால், படிப்புக்காக எதிர்த்திசையில் வருவோரும் உண்டு.

வீட்டின் உருவமும் இக்காலத்தில் மாறியது. ஓலை போய் ஓடு வந்தது. ஓடு போய் வார்ப்பு வந்தது. கான்கிரீட் கூரையை இவ்வட்டாரத்தில் வார்ப்பு என்றே சொல்வர்; 'அவன் வார்ப்பு வீடு வைத்துவிட்டான்' என்றால் குடும்பம் தலையெடுத்துவிட்டது என்று பொருள். ஓலை வேய அக்கம்பக்கத்தார் கூடுவர். அன்றைக்கு மரச்சீனியும் மீனும் சமைப்பர். வார்ப்புக்கு ஒப்பந்தக்காரர் வருவார். திருவனந்தபுரத்தில் 1970 தொடங்கி வாழ்ந்த லாரி பேக்கர், அவ்வவ்விடத்து மண்ணையும் கல்லையும் கொண்டு, பூச்சின்றிச் செங்கல் சுவரில் சல்லடைத் துளைவிட்டுக் காற்றோட்டமாகக் கட்டிக் காட்டினார். அறிஞர் பலர் பாராட்டினர்; அரசும் பாராட்டியது. ஊரார் பூச்சும் வண்ணமும் உள்ள வார்ப்பு வீட்டையே விரும்பினர். பூசாத சுவர் ஏழ்மையின் அடையாளம் என்று நினைத்துப் பழகியவர்க்குப் பூசாத சுவரின் அழகை யார் எடுத்துச் சொல்வது?

விளைவு, பொருள் வெளியிலிருந்து வந்தது. தோவாளைப் பக்கத்துச் சூளைகளிலிருந்து செங்கல்லும், குமரி மாவட்டத்து மலைகளிலிருந்து கருங்கல்லும் களியக்காவிளை வழியே சுமையுந்துகளில் வடக்கே போயின, இன்றும் போகின்றன. செங்கலுக்கே செங்கல் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உடைபடும் மலைகளைப் பார்த்தால் வேடிக்கை மறைந்துவிடும். கட்டிய கைகளும் அவ்வாறே. நெடுங்காலம் தமிழ்க் கொத்தனார்கள் கட்டினர். பின்னர் வங்கம், அசாம், ஒடிசா மாநிலத்துத் தொழிலாளர் வந்தனர். ஊர்க்காரர் துபாயில் கட்டடம் எழுப்ப, அவர் வீட்டை வங்காளத்தார் எழுப்பினர்.

விளை நிரம்பியபின் பார்வை ஏலாவின் மேல் விழுந்தது. நெய்யாற்றில் 1958-இல் அணை முடிந்து, அதன் இடக்கரைக் கால்வாய் நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்து விளவங்கோட்டுக்கும் நீர் கொண்டு சென்றது. ஊரார் அதனைச் சானல் என்பர். சானல் நீர் வந்த காலத்தில் நெல் இருந்தது. ஆனால் நெல் விலை ஏறாமல் கூலி ஏறியது; ஏலாவை விட வாழையும் மரச்சீனியும் கண்ட மேட்டு விளை வருவாய் தந்தது. முதலில் வயலில் வாழை வைத்தனர். வாழைக்கு வரப்பை உயர்த்தினர். பிறகு ஒருபுறம் மண்ணடித்தனர். மண்ணடித்த இடத்தில் ஒரு வீடு எழுந்தது. அதன் பக்கத்து வயலில் நீர் தேங்கியது அல்லது நீர் வராமல் போயிற்று; அவரும் மண்ணடித்தார். ஒருவர் கரையேறினால் அடுத்தவர் மூழ்கும் நிலையில் யாரைக் குறை சொல்வது? 1970-களின் நடுவில் கேரளம் முழுவதும் ஏறத்தாழ 8.8 லட்சம் எக்டேரில் இருந்த நெல், இன்று 2 லட்சம் எக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2008-இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பாதுகாக்க எஞ்சியிருந்தது சிறு பகுதியே. இதற்கிடையே 2004-இல் இடக்கரைக் கால்வாய் வழியே தமிழகத்துக்குப் போன நீரைக் கேரளம் நிறுத்தியது. விளவங்கோட்டு உழவர் நீர் கேட்டுக் குரல் எழுப்ப, கால்வாயின் மேல்பகுதியிலோ பயன்படுத்த வயல் குறைந்துகொண்டிருந்தது. வரலாறு சில வேளை இப்படியும் எழுதிக்கொள்கிறது.

இனி அரசின் கணக்குக்கு வருவோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஓரூர் நகரம் எனப்பட மூன்று அளவுகோல்கள் உண்டு: மக்கள்தொகை குறைந்தது 5,000, சதுரக் கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், ஆண் தொழிலாளருள் முக்கால் பங்கினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல். முதலிரண்டையும் இச்சாலையோர ஊர்கள் எப்போதோ கடந்துவிட்டன. மூன்றாவதுதான் மீதம் இருந்தது. ஏர் பிடித்தவர் மறைந்து, அவர் மகன் அலுவலகம் போனதும் அதுவும் நிறைவேறியது. 2001-இல் கேரளத்தின் நகர மக்கள் 26 விழுக்காடு, 2011-இல் 47.7 விழுக்காடு. பத்தே ஆண்டில் இத்துணைப் பெருக்கம் எங்கிருந்து வந்தது? நகரங்களுக்கு மக்கள் பெயர்ந்ததால் அன்று. கணக்கெடுப்பினர் நகரம் எனக் கணக்கிட்ட, நகராட்சி அல்லாத ஊர்களின் எண்ணிக்கை 99-இலிருந்து 461 ஆனதே காரணம். மக்கள் நகரத்துக்குப் போகவில்லை. அவர்கள் இருந்த இடத்துக்கு நகரம் என்று பெயரிட்டனர்.

பெயரிட்டதோடு சரி. கணக்கெடுப்பில் நகரம், ஆட்சியில் ஊராட்சி. நகராட்சியின் வருவாயும் பொறியாளரும் இல்லை. பாதாளச் சாக்கடை இல்லை. குப்பை கொட்ட இடமும் இல்லை. ஊராட்சிகளுக்கெனத் தனிக் கட்டட விதிகள் 2011-இல்தான் வந்தன. அதற்குள் வீடுகள் எழுந்துவிட்டன.

இதன் பொருள் என்ன என்பதைக் கிணற்றருகே நின்று பார்த்தால் விளங்கும். கேரளத்து வீடு என்றால் கிணறு உண்டு. குடிநீர்க் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கட்டட விதி. பழைய அரை ஏக்கர் விளையில் கிணறு ஒரு மூலை, குழி மறு மூலை. இடையே நூறடி மண் வடிகட்டியது. 3 சென்ட் மனையோ ஏறத்தாழ 1,300 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 36 அடி. 7.5 மீட்டர் என்பது ஏறத்தாழ 25 அடி. வீடு, கிணறு, குழி மூன்றையும் இதற்குள் அமைத்து, தம் கிணற்றுக்கும் தம் குழிக்கும் இடைவெளி விட்டுவிட்டாலும், பக்கத்து மனைக்காரர் குழி மதிலை ஒட்டி நிற்கும். நான்கு புறமும் நான்கு அயலார். எவரும் விதியை மீறவேண்டும் என்று மீறுவதில்லை. மனையின் கணக்கு இடங்கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து குழியும் கிணறும் ஒன்றையொன்று தொட்டுவிடும். நீரை உண்டு தேக்கிய ஏலாக்களும் மேடாகிவிட்டமையால் கோடையில் அதே கிணறு வற்றிவிடும். தியாகராயநகரில் ஏரியைத் தூர்த்த அரசு, குழாயைக் கொண்டு வர வேண்டிய கடமையையும் ஏற்றது. இங்கு ஆளுக்கு ஐந்து சென்டாகத் தூர்த்தோம். கடமை யாருடையது என்பது எழுதப்படாமலே போயிற்று.

இப்போது மற்றோர் அலை தொடங்கியிருக்கிறது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையிலான புறவழிச் சாலை முடிந்துவிட்டது. அதன் தென்பகுதி மீண்டும் கான்கிரீட் தளமே. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2015-இல் ஒப்பந்தமாகி, 2024 சூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செங்கல் மகேசுவரம் சிவபார்வதி கோயிலில் 111 அடிச் சிவலிங்கம் எழுந்தபின் அங்கு வண்டிகள் வந்து நிற்காத விடுமுறை நாள் இல்லை. நிலத் தரகர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி விலை கூறுகின்றனர்: துறைமுகம் இத்தனை நிமிடம், புறவழிச் சாலை இத்தனை நிமிடம், கோயில் இத்தனை நிமிடம். கிணறு எத்தனை அடி என்று வாங்குவோர் கேட்டால் மட்டும் பேச்சு சற்றே நிற்கும்.

2011 கணக்கெடுப்பின்போது கேரளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு கட்டடம் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தது. அதன்பின் 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து வாழ்வோம் என்று கட்டியவை அவற்றுள் பல. திரும்புவதற்குள் பிள்ளைகள் வேறு நகரில் வேரூன்றிவிட்டனர். சாவி பெரியப்பா வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருக்கும். அவர்கள் மாதம் ஒருமுறை திறந்து, சன்னல்களைத் தள்ளிவிட்டு, குழாயைச் சிறிது ஓடவிட்டு, முற்றத்தில் விழுந்த ஓலையை ஒதுக்கிப் போட்டுவிட்டுப் பூட்டுகின்றனர். விளையில் எஞ்சிய தென்னை இரண்டு, யாரும் பறிக்காமையால், காயைத் தாமே உதிர்த்துக்கொண்டிருக்கின்றன.